உள்ளே குடியிருப்பவர்கள்

சின்னப்பொண்ணு அம்மாளின் இதயம் ஒளிர்ந்திருக்கக் கூடாது. அன்று காலை ஸ்கேன் அறையில் இருந்த இரண்டு பெண்களுக்கும் அது தெரியும். ஆனால் திரையில் அது ஒளிர்ந்துகொண்டிருந்தது.

சின்னப்பொண்ணு சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வெளியே பூ விற்பவர். வயது அறுபத்தொன்று. மாரடைப்பு வந்து, திருச்சியில் உள்ள ஓர் இதய மருத்துவமனையில் பிழைத்தவர். செத்துப்போன இதயத் தசையில் வேறொருவரின் இளம் செல்களை ஊசியால் வைத்து வளர்க்க முடியுமா என்று அங்கே ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. சோதனையில் பாதிப் பேருக்கு உண்மையான செல்களைக் கொடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். சின்னப்பொண்ணுவுக்குப் போனது உப்புநீர்.

வைத்த செல்கள் பிழைத்தனவா என்று வெளியிலிருந்து பார்க்கும் வழியைக் கண்டுபிடித்தவள் பூங்கோதை. முப்பத்தாறு வயது. மருத்துவர் அல்ல, நுண்பொருள்களைச் செய்யும் வேதியியல் அவள் படிப்பு. ஐந்து வருடப் போராட்டத்தில் அவள் உருவாக்கிய பொருளுக்குத் தும்பி என்று பெயர் வைத்திருந்தாள்.

தும்பி என்றால் என்ன என்று நோயாளிகளுக்கு விளக்குவது ஸ்டெல்லாவின் வேலை. இருபத்தாறு வருடமாக ஸ்கேன் எடுப்பவர். அவர் சொன்னால் யாருக்கும் புரியும்.

"ஸ்கேன்ங்கறது சத்தம்தாம்மா. காதுக்குக் கேக்காத சத்தத்தை உள்ள அனுப்பறோம். அது பட்டுத் திரும்பி வர்றதைப் படமாப் போடறோம். காத்தடைச்ச குட்டிக் கூடு ஏதாவது வழியில இருந்தா, சத்தம் பட்டதும் மணி மாதிரி அதிரும். படத்துல அந்த இடம் பளிச்சுனு தெரியும். அந்தக் கூடுதான் இந்த ஊசி."

ஒரு தலைமுடியின் குறுக்கே நானூறு கூடுகளை வரிசையாக வைக்கலாம். ஆற்று மணலில் இருக்கும் அதே சிலிக்காதான் ஓடு. ஆறு மணி நேரத்தில் கரைந்து சிறுநீரில் போய்விடும். பழைய காலத்துக் குமிழ்கள் பெரியவை, ரத்தக் குழாயை விட்டு வெளியே வராதவை. தும்பி குழாயின் சுவரில் உள்ள சந்துகளில் நுழைந்து தசைக்குள்ளேயே போய்விடும். ஊசி போடுவதற்கு முன்பு நோயாளியின் ஒரு துளி ரத்தத்தில் அதை ஊறவைப்பார்கள். அந்த உடம்பின் சொந்தச் செல்களைப் பிடிக்கக்கூடிய தும்பிகள் அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். மிச்சமிருப்பவை வெளியாளை மட்டும் தேடிப் பிடிக்கும்.

வெளியாள் யாருமே இல்லாத சின்னப்பொண்ணுவின் இதயத்தில், காயத்தின் ஓரம் முழுக்க இருபது இருபத்தைந்து வெளிச்சப் புள்ளிகள் துடித்துக்கொண்டிருந்தன.

மருந்துக் குப்பி மாறிவிட்டதோ என்று பூங்கோதை முதலில் பயந்தாள். பட்டியலைச் சரிபார்த்தாள். மாறவில்லை. மறுவாரம் இரண்டாம் முறை எடுத்தபோதும் அதே புள்ளிகள் அதே இடத்தில். உப்புநீர் பெற்ற மற்ற பெண்களை வரவழைத்தார்கள். லால்குடியிலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியைக்கும் ஒளிர்ந்தது. மணப்பாறைக்காரர் ஒருவருக்கு இதயத்தில் மட்டுமல்லாமல் ஈரலிலும் கழுத்துச் சுரப்பியிலும் ஒளிர்ந்தது. பூங்கோதைக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. கேண்டீனில் வாங்கிய தோசையை அப்படியே வைத்துவிட்டு ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் மத்தியானம் ஸ்கேன் அறைக்கு ஏறக்குறைய ஓடி வந்தாள்.

"ஸ்டெல்லாக்கா, அந்தம்மாவுக்கு எத்தனை குழந்தைங்க?"

"அஞ்சு. ஏன்?"

"அந்த அஞ்சு பேரும்தான் அது."

கரு வயிற்றில் இருக்கும்போது அதன் செல்கள் சில தாயின் ரத்தத்தில் கலந்துவிடும் என்பது விஞ்ஞானிகளுக்குப் பழைய செய்தி. குழந்தை பிறந்த பிறகும் அவை போவதில்லை. இதயத்திலும் ஈரலிலும் மூளையிலும்கூடத் தங்கி, பல பத்து வருடம் உயிரோடு இருக்கும். காயம் பட்ட இடத்துக்கு அவை போய்ச் சேருவதாகவும், அதை ஆற்றப் பார்ப்பதாகவும் சிலர் எழுதியிருந்தார்கள். ஆனால் இறந்தவர்களின் உறுப்புகளை வெட்டித்தான் அவற்றைப் பார்த்திருந்தார்கள். உயிரோடு இருக்கும் ஒரு தாயின் துடிக்கும் இதயத்தில், அவள் பெற்ற பிள்ளைகள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் அதுவரை யாருமில்லை. அந்த அறையில் இருந்த இருவர்தான் முதல்.

சின்னப்பொண்ணுவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்கள். அவர் வெகுநேரம் பார்த்தார். தன் பிள்ளைகளில் மூன்றாவது, எட்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டதென்றும், அவனும் இதில் இருப்பானா என்றும் கேட்டார். இருக்கலாம் என்று பூங்கோதை சொன்னதும் அவர் திரைக்கு முன்னால் இருந்த நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சோதனையில் குழந்தை இல்லாத பெண் ஒருவரும் இருந்தார். அவருக்கும் இதயத்தில் நான்கு புள்ளிகள் தெரிந்தன. பூங்கோதை தயங்கித் தயங்கி விசாரித்தாள். அந்தம்மாள் அழுதுவிட்டார். நாற்பது வருடத்துக்கு முன்பு இரண்டாம் மாதத்திலேயே கலைந்துபோனதைப் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை என்றார். பூங்கோதைக்கு அவருக்காக வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அறையை விட்டு வெளியே வந்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் ஊகத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் தவறு செய்தாள். சென்னையில் நடந்த ஒரு மருத்துவ மாநாட்டில், நிறைந்த அரங்கத்தில், சின்னப்பொண்ணுவின் இதயத்தைத் திரையில் துடிக்கவிட்டு அவள் பேசினாள். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலின் நடுவில், எழுதி வைத்திருந்த உரையில் இல்லாத ஒரு வாக்கியத்தைச் சொன்னாள். ஒரு பெண் வாழ்நாளில் எப்போது கருவுற்றிருந்தாலும், அது சில வாரத்தில் கலைந்திருந்தாலும், தும்பி அதைக் காட்டிவிடும் என்றாள்.

மறுநாள் செய்திச் சேனல்கள் இதயத்தைக் காட்டவில்லை. அந்த வாக்கியத்தைத்தான் காட்டின.

தும்பியைத் தயாரித்து விற்கும் உரிமை தேவநாதன் என்பவரின் கம்பெனியிடம் இருந்தது. நாற்பத்தைந்து வயது, எப்போதும் அவசரத்தில் இருப்பவர். சோதனையை விரிவாக்குவதாகச் சொல்லி ஒன்பது ஊர்களில் ஸ்கேன் சென்டர்களுக்கு மருந்து அனுப்பினார். ஆறு மாதத்துக்குள், கல்யாணத்துக்கு முன் எடுக்கும் உடல் பரிசோதனையில் தும்பியும் ஒன்று என்று ஆகிவிட்டது. பூங்கோதை போன் செய்து சண்டை போட்டாள். சென்டர்காரர்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது தனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். பெண்ணின் சம்மதக் கையெழுத்து இல்லாமல் யாருக்கும் போடுவதில்லையே என்றும் சொன்னார்.

ஸ்கேன் அறைச் சுவரில், கருவில் இருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்பட மாட்டாது என்ற அறிவிப்பு மாட்டியிருந்தது. இதயம் மட்டும் பார்க்கும் அறையானாலும் சட்டப்படி அது இருந்தாக வேண்டும். ஸ்டெல்லா அதைக் காட்டினார்.

"மெஷினைக் கண்டுபிடிச்சவன் பொம்பளப் பிள்ளையைக் கொல்லணும்னா கண்டுபிடிச்சான்? இந்தப் போர்டு வர்றதுக்குள்ள எத்தனை போச்சு. உங்க தும்பிக்கு இன்னும் போர்டு எழுதல, பூங்கோதை."

அந்தப் போர்டில் என்ன எழுதுவது என்று பூங்கோதை யோசித்தாள். கொஞ்ச நாளில் கேள்வியே அறைக்குள் நடந்து வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, அதே மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ் ஒருத்தி, சீருடையைக்கூட மாற்றாமல் மூன்றாம் மாடிக்கு வந்தாள். பெயர் தாமரைச்செல்வி. இருபத்தேழு வயது. ஊர் துறையூர். ஒரு ஸ்கேன் படத்தைப் பூங்கோதையின் மேசைமேல் வைத்தாள். ஈரலில் ஐந்து புள்ளிகள். கீழே, முன்பு கருத்தரித்ததற்கான அடையாளம் என்று அச்சடித்திருந்தது.

நிச்சயதார்த்தம் முடிந்து பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பாதான் இந்தப் பரிசோதனையைக் கேட்டார். மறைக்க ஒன்றுமில்லாததால் இவளும் சரி என்றாள். முடிவு வந்த அன்று கல்யாணம் நின்றது. அது பெரிதில்லை என்றாள் தாமரைச்செல்வி. அம்மா கதவைச் சாத்திவிட்டு, யாரென்று மட்டும் சொல்லிவிடு என்று கேட்டதுதான் பெரிது. அப்பா பன்னிரண்டு நாளாக அவளோடு பேசவில்லை.

பூங்கோதை அவளைப் பார்த்தாள். அவள் மனசுக்குள் ஓடிய முதல் எண்ணம், பாவம், இந்தப் பெண்ணும் யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கிறாள் என்பதுதான். அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"நீங்களும் நம்பல. பரவால்ல மேடம். ஆறுதல் கேட்டு வரல. ஒரே ஒரு கேள்வி. இந்த ஊசியை எந்த ஆம்பளைக்காவது போட்டு ஈரலைப் பார்த்தீங்களா?"

பூங்கோதை பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பார்த்தோம் என்றுதான் சொல்ல நினைத்தாள். பார்க்கவில்லை. சோதனை இதயத்தைப் பற்றியது. ஆண்களுக்கு இதயத்தை மட்டுமே பார்த்திருந்தார்கள். அங்கும் இங்கும் ஒன்றிரண்டு புள்ளி தெரிந்தபோது, கருவி செய்யும் கோளாறு என்று தள்ளிவிட்டார்கள். பெண்களுக்கு ஒளிர்ந்த பிறகு ஈரலையும் கழுத்தையும் தேடியது பெண்களிடம் மட்டும். வயிற்றில் பிள்ளை சுமக்காதவனின் ஈரலில் எதைத் தேடுவது என்று யாரும் யோசிக்கக்கூட இல்லை.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். ஆரோக்கியமானவர்கள் இருபது பேருக்குத் தும்பி போட ஏற்கெனவே அனுமதி வாங்கி வைத்திருந்தார்கள். இன்றைக்கே ஒரு ஆண் வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கீழ்த்தளத்தில் வேறு வேலையாக வந்திருந்தார் தேவநாதன். என் மருந்தை முதலில் எனக்கே போட்டுப் பார்ப்பேன் என்று எல்லா மேடையிலும் சொல்பவர் அவர். சொன்னதைச் செய்யும் நேரம் வந்திருக்கிறது என்று பூங்கோதை போனில் சொன்னாள். மறுக்க முடியாமல் மேலே வந்தார். ஸ்டெல்லா மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் படுக்கவைத்தார்.

இருபது நிமிடம் காத்திருந்தார்கள். தாமரைச்செல்வி சுவரோரம் கைகட்டி நின்றாள். ஸ்டெல்லா தேவநாதனின் வலது விலாவுக்குக் கீழே ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தார்.

ஒன்று. பக்கத்தில் இரண்டு. கொஞ்சம் கீழே ஒரு கொத்து. ஸ்டெல்லா எண்ணிக்கொண்டே போய்ப் பதினொன்றில் நிறுத்தினார். பிறகு மிக மரியாதையாக, "சாருக்கு இப்ப எத்தனை மாசம்?" என்று கேட்டார்.

தாமரைச்செல்வி சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவில்லை, கொஞ்ச நேரத்தில் அது அழுகையாக மாறி, பிறகு மறுபடி சிரிப்பானது. தேவநாதன் எழுந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார், யாராவது விளக்குவார்களா என்று கேட்டார்.

பூங்கோதை அறையில் நடந்துகொண்டே பேசினாள். அவளுக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

"பாதை ஒருவழின்னு நினைச்சுட்டேன் சார். பிள்ளையோட செல் அம்மாவுக்குப் போகும்னா, அம்மாவோட செல் பிள்ளைக்கு வராதா? அதுவும் எழுதி வச்சிருக்காங்க, நான்தான் தாண்டிப் போயிட்டேன். இது உங்கம்மா. நீங்க வயித்துல இருந்தப்போ உங்களுக்குள்ள வந்தவங்க. நாப்பத்தஞ்சு வருஷமா இங்கதான் இருக்காங்க. எனக்குள்ளயும் இருப்பாங்க, ஸ்டெல்லாக்காவுக்குள்ளயும். தாமரைக்குள்ள இருந்ததும் அவங்கம்மாதான்."

கதவைச் சாத்திவிட்டுக் கேள்வி கேட்ட அதே அம்மா. தாமரைச்செல்வி சுவரிலேயே சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தேவநாதன் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் வராண்டாவுக்குப் போனார். கம்பெனிக்குப் போன் செய்கிறார் என்று பூங்கோதை நினைத்தாள். கும்பகோணத்தில் இருக்கும் தன் அம்மாவை அழைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான் கம்பெனிக்குப் பேசினார். ஒன்பது சென்டர்களிலிருந்தும் மருந்தைத் திரும்ப வாங்கச் சொன்னார்.

தேவநாதனோடு சேர்த்து ஒரு வாரத்தில் பத்தொன்பது பேரைப் பார்த்தார்கள். ஆண்களும், குழந்தை பெறாத பெண்களுமாக. பதினேழு பேருக்கு ஒளிர்ந்தது. ஆனால் மாப்பிள்ளையின் அப்பா நம்பவில்லை.

அவர் பெயர் அருணகிரி. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்திரண்டு வயது. ரயில் அச்சின் உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று இதே மாதிரிச் சத்தத்தை அனுப்பிப் பார்ப்பதுதான் அவர் முப்பது வருட வேலை. பூங்கோதையே பொன்மலைக்குப் போய், நேரில் வந்து பார்க்கும்படி அவரைக் கூப்பிட்டாள். அவர் கோபப்படவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். சோதிக்காத அச்சை வண்டியில் மாட்டுவதில்லை, அதில் அச்சுக்கு என்ன அவமானம் என்று கேட்டார். இப்போது கருவி தப்பு என்கிறீர்கள். கருவியைச் சரிபார்க்க, குறையே இல்லையென்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு துண்டு வேண்டும் என்றார்.

"என்னையே வச்சுப் பாருங்கம்மா. உங்க கணக்குப்படி அம்மாதானே உள்ள வரணும்? எங்கம்மா நான் பொறந்த பதினாறாம் நாளே போயிட்டாங்க. பால்கூடச் சரியாக் குடிச்சதில்ல. எனக்குள்ள ஒண்ணும் இருக்காது."

மறுநாள் காலை மகன் திருமாறனோடு வந்தார். தாமரைச்செல்வியும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள். இருபதாவது ஆளாக அருணகிரி படுத்தார். ஸ்டெல்லா ஈரலில் வைத்தார், இரண்டே இரண்டு. அவர் தலையைத் தூக்கி, இரண்டு என்பது பிழைக்குள் அடங்கும் என்றார். ஸ்டெல்லா கருவியை மார்புக்கு நகர்த்தினார்.

இதயத்தின் இடது பக்கம், சுவரை ஒட்டி, வரிசையாக வெளிச்சம். ஒவ்வொரு துடிப்புக்கும் அது முன்னால் வந்து பின்னால் போனது. முப்பதுக்கு மேல் இருக்கும். பத்து வருடத்துக்கு முன்பு லேசான மாரடைப்பு வந்திருந்ததை அவர் அப்போதுதான் சொன்னார். காயம் பட்ட இடத்துக்கு அவை போகும் என்று எழுதியிருந்ததைப் பூங்கோதை சொன்னாள்.

அருணகிரிக்குக் கருவிகளைப் படிக்கத் தெரியும். பிழை எப்படி இருக்கும், எதிரொலி எப்படி இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். தன் அம்மாவுக்கு ஒரு போட்டோகூட இல்லை என்றார். எப்படி இருப்பாள் என்று சொல்வதற்கு ஊரில் இப்போது ஆளும் இல்லை என்றார். ஸ்டெல்லா கருவியை எடுக்கப் போனபோது, "கொஞ்சம் அப்படியே வச்சிருங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

அன்று மத்தியானமே அவர் தாமரைச்செல்வியின் அம்மாவிடம், நின்ற கல்யாணத்தை நடத்திவிடலாம் என்று பேசினார். திருமாறனும் தலையசைத்தான். அந்த அம்மாள் மகளைப் பார்த்தாள். தாமரைச்செல்வி திருமாறனிடம் நேராகப் பேசினாள்.

"பன்னெண்டு நாள் டைம் இருந்துச்சு உங்களுக்கு. ஒரு போன் பண்ணி, நீ என்ன சொல்றன்னு என்கிட்ட கேட்டிருக்கலாம். மெஷின் சரியில்லைன்னு தெரிஞ்சப்புறம் நல்லவளாகிறது எனக்கு வேண்டாம்."

அதோடு ட்யூட்டிக்கு நேரமாகிவிட்டதென்று கீழே போய்விட்டாள்.

பூங்கோதை கட்டுரையை எழுதி அனுப்பினாள். தன் மேடைப் பேச்சு தவறு என்று முதல் பத்தியிலேயே எழுதினாள். அதைப் படித்த நிபுணர்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள்: தாயின் செல்லையும் பிள்ளையின் செல்லையும் பிரித்துக் காட்ட முடியுமா? கேள்வியைப் பார்த்ததும் அவளுக்குப் பழைய உற்சாகம் திரும்பிவிட்டது. வளர்ந்தவர் உடம்பிலிருந்து வந்த செல்லுக்கும் கருவிலிருந்து வந்த செல்லுக்கும் மேலுறையில் உள்ள சர்க்கரை வேறு. இரண்டு அளவில் கூடு செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூச்சு கொடுத்தால், ஒன்று கட்டையான தொனியிலும் மற்றது கீச்சுத் தொனியிலும் அதிரும். திரையில் ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். தாய் மஞ்சள். பிள்ளை நீலம்.

மறுபடி அதே கதைதானே, நீலம் தெரிந்தால் பெண் மாட்டினாள் என்றார் ஸ்டெல்லா. நாம் கண்டுபிடிக்காவிட்டால் வேறு யாராவது கண்டுபிடிப்பார்கள், அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று நாம்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாள் பூங்கோதை. பதினொரு வாரத்தில் செய்து முடித்தாள். சின்னப்பொண்ணுவின் இதயத்தில் நீலம் பொங்கியது. ஓரத்தில் மஞ்சளாக இரண்டு புள்ளி, அவருடைய அம்மா. பார்த்தவுடன் ஸ்டெல்லாகூடக் கைதட்டிவிட்டார்.

புதிய தும்பிக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு முதலில் வந்து கையெழுத்துப் போட்டவர் அருணகிரி. தனியாக வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. இந்த முறை நிறத்தோடு தெரியுமாமே என்று கேட்டுக்கொண்டே படுத்தார். கண்ணாடியைக் கழற்ற மறுத்துவிட்டார்.

மஞ்சள் வந்தது. முன்பு பார்த்த அதே வரிசை. அவர் முகம் மலர்ந்தது. அந்த மஞ்சளின் நடுவே, நெருக்கமாக, ஆறு நீலப் புள்ளிகள்.

ஸ்டெல்லாவின் கை ஒரு கணம் நின்றது. பூங்கோதை ஒலி அலைகளைச் சரிபார்த்தாள். பிழை இல்லை. ஒரு ஆணிடம் நீலம் இருக்கவே கூடாதே என்று முதலில் நினைத்தவள், உடனே புரிந்துகொண்டாள். அம்மாவின் ரத்தத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தையின் செல்கள் தங்கியிருந்தால், அடுத்து வரும் குழந்தைக்கு அவையும் போகும். இவருக்குள் இருப்பது இவருடைய அண்ணனோ அக்காவோ.

"நீலம் எதும்மா?" என்று அருணகிரி கேட்டார்.

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. உங்களுக்கு முன்னால் அதே வயிற்றில் இருந்த ஒரு குழந்தையாக இருக்கலாம் என்றாள்.

அவர் யோசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு முன்னாடி யாரும் இல்லம்மா. கல்யாணமாகிச் சரியாப் பத்தாம் மாசம் நான் பொறந்தேன்."

சொல்லி முடித்ததும், தான் சொன்னது என்னவென்று அவருக்கே கேட்டுவிட்டது. கல்யாணத்துக்கும் அவர் பிறப்புக்கும் நடுவில் இன்னொரு குழந்தைக்கு இடமில்லை. பூங்கோதை அவசரமாகப் பேசினாள். இரட்டையாக உருவாகி, ஒன்று ஆரம்பத்திலேயே கரைந்துவிடுவதும் உண்டு. அது வெளியே தெரியவே தெரியாது. இந்த நீலம் அதுவாகவும் இருக்கலாம். எது என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. எதுவும் நிச்சயமில்லை.

"சரிம்மா" என்றார் அருணகிரி. "தெரிய வேண்டாம். என்னைப் பெத்தப்போ எங்கம்மாவுக்குப் பதினெட்டு வயசு. யாரு என்ன பண்ணாங்களோ, அது யார்கிட்டச் சொல்லி அழுததோ. அதைப் போய் யாரும் இப்ப ஆராய வேண்டாம்."

ஜெல்லைத் தானே துடைத்துக்கொண்டு எழுந்தார். சட்டையைப் போட்டவர், பொத்தானை மாட்டாமல் அப்படியே நின்றார். பிறகு ஸ்டெல்லாவிடம், தாமரைச்செல்விக்கு எந்த மாடியில் ட்யூட்டி என்று கேட்டுக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு பூங்கோதை நாற்காலியில் உட்கார்ந்தாள். இருக்கலாம், நிச்சயமில்லை, எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது: அருணகிரிக்காகத் தன் வாயில் இவ்வளவு வேகமாக வந்த சொற்கள், அந்த வெள்ளிக்கிழமை காலையில் தாமரைச்செல்விக்காக ஏன் வரவில்லை என்று நினைத்தாள். கட்டுரையை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் புதிதாக எழுதினாள். நிறம் பிரித்தாலும் தும்பியால் யாருடைய கடந்த காலத்தையும் சொல்ல முடியாது. ஒரு நீலப் புள்ளி, பிறக்காத இரட்டையாகவோ, தாய் மறந்த ஒரு கருவாகவோ, மூத்த சகோதரனாகவோ இருக்கலாம். அந்த வாக்கியத்தை எழுதும்போது, மாநாட்டு மேடையில் வராத ஒரு நிம்மதி அவளுக்கு வந்தது. ஸ்டெல்லா அதை வாங்கிப் படித்துவிட்டு, இதையே பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள், போர்டு அடித்துவிடலாம் என்றார்.

ஐந்தரை மணிக்கு ஷிஃப்ட் முடிந்து தாமரைச்செல்வி மேலே வந்தாள். அருணகிரி மூன்று மணியிலிருந்து வார்டு வாசல் பெஞ்சில் காத்திருந்ததாகவும், இவள் வெளியே வந்ததும் எழுந்து நின்றுவிட்டதாகவும் சொன்னாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம்.

மன்னிப்புக் கேட்டாரா என்று ஸ்டெல்லா விசாரித்தார்.

"இல்லக்கா. கேக்கத்தான் வந்தார்னு தெரிஞ்சுது, ஆனா வார்த்தை வரல அவருக்கு. ரொம்ப நேரம் நின்னுக்கிட்டே இருந்தார். அப்புறம், அவங்கம்மா பேரு பூவாயின்னு சொன்னார். அவ்வளவுதான். சொல்லிட்டுப் படியிறங்கிப் போயிட்டார்."